குலுக்காத குப்பி

என் கண்ணால் கண்டதையும், கையால் செய்ததையும், அன்றன்று நாட்குறிப்பில் எழுதிவைத்ததையும் தவிர வேறெதையும் இக்கட்டுரையில் சேர்க்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டவற்றை முற்றிலும் விலக்கியிருக்கிறேன். ஊசியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதையே பேசுகிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் போட்டுக்கொண்டார், மறுநாளே படுத்துவிட்டார் என்பார்கள். அந்த ஒருவர் யார், அவருக்கு முன்பே என்ன நோய் இருந்தது, போட்டவர் எப்படிப் போட்டார் என்று கேட்டால் விடை இராது. அத்தகைய பேச்சால் விளையும் கேட்டை நான் அறிவேன். அக்கேட்டில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவே, உறுதியானதை மட்டும் சொல்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள்.

நான் இருப்பது மதுரையை அடுத்த ஆனையூரில். காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்றோர் சிலர், முதியவர்கள் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிச் சென்ற மாதம் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அஞ்சல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் சார், முப்பது வருஷம் ஊசியும் கையுமா திரிஞ்ச ஆளு நீங்க. போடலாமா, வேணாமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"நான் வருஷா வருஷம் போட்டுக்கிடுறேன்" என்றேன்.

"போட்டா வராதுல்ல?"

"வரலாம்."

"பெறகு எதுக்குய்யா போடணும்?" என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல என்னால் ஏன் இயலவில்லை என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

தமிழில் வித்துவான் படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தபோது, சுகாதாரத் துறையில் தடுப்பூசி போடும் பணி கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. சில மாதப் பயிற்சிக்குப் பின் திருமங்கலத்துக்கு மேற்கே, டி. கல்லுப்பட்டிச் சாலையை ஒட்டிய ஊர்களை என்னிடம் ஒப்படைத்தார்கள். கரிசல் நிலம், பருத்தியும் சோளமும் விளையும். குடிக்க ஊருணித் தண்ணீர்.

ஆண்டுதோறும் பங்குனியில் எங்களுக்குக் காலரா ஊசி வேலை தொடங்கிவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு இவ்வூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் போவார்கள். ஆற்று மணலில் தங்கி, கிடைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் புறப்படுமுன் ஊசி போட்டுவிட வேண்டும். அதன் காப்பு சில மாதங்களே நிற்கும். ஆதலால் அடுத்த ஆண்டு மீண்டும் போட வேண்டும். போட்டால் கை வீங்கும், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும். போட்டவர்களில் பாதிப் பேரைக் காக்கும் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். இந்தக் கடைசிச் செய்தியை நாங்கள் ஊரில் சொல்வதில்லை.

என் மேலதிகாரி சுகாதார ஆய்வாளர் மாசிலாமணி. ஐம்பதைக் கடந்தவர், மெலிந்த உடல், கையில் எப்போதும் கறுப்புக் குடை. எவர் வீட்டிலும் உட்கார மாட்டார். மோர் கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுச் செம்பைத் தாமே கழுவி வைப்பார். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. வேலையில் அவர் வற்புறுத்தியவை இரண்டு.

முதலாவது, குப்பி. காலரா மருந்து நீரில் கலந்த வெண்பொடி போன்றது. அசையாமல் வைத்தால் பொடி அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். குலுக்காமல் எடுத்தால், முதலில் கை நீட்டுகிறவருக்கு ஏறத்தாழ வெறும் நீர்தான் போகும். அடியில் தங்கிய மருந்தெல்லாம் கடைசியாக வருகிறவரின் கையில் ஏறும். ஆகவே ஒவ்வொரு முறை மருந்தை இழுக்கும்போதும் குப்பியைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். மாசிலாமணி அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்.

"நீத்தண்ணி மாதிரி கலங்கித் தெரியணும் தம்பி. தெளிஞ்சு தெரிஞ்சா நாம ஊரை ஏமாத்துறோம்னு அர்த்தம்."

முகாம் முடிந்ததும் வெற்றுக் குப்பிகளை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்ப்பார். அங்கே வெண்படிவு ஒட்டியிருந்தால் போட்டவர் குலுக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, மறுப்பேடு. அரசு கேட்காத ஏடு அது. அவரே கோடிட்டு வைத்திருந்தார். ஊசி வேண்டாம் என்பவரின் பெயரையும், அவர் சொன்ன காரணத்தையும் அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். "அறியாமையால் மறுத்தார்" என்று ஒருமுறை எழுதினேன். அதை அடித்துவிட்டு, "அவங்க என்ன சொன்னாங்கன்னுதான் கேட்டேன். நீங்க என்ன நினைச்சீங்கன்னு கேக்கல" என்றார்.

நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. நான் பெயர் சொல்லாத அந்த ஊரில் பேச்சியம்மாள் என்று ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பருத்தி எடுப்புக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிச் செல்பவர். அவர் சொல்லுக்கு அவருடைய தெருவில் மறுசொல் இல்லை. அவ்வாண்டு ஆண்களை ஊசி முகாம் நடந்த வேப்பமரத்தடிக்குத் திரட்டியவரும் அவரே. அவருடைய கணவர் வீரணனைக் காணவில்லை.

"எங்க வீட்டுக்காரரா? கெணத்துக்குள்ள எறங்கி மோட்டாரப் பாக்குறாராம். காலையில இருந்து பாக்குறாரு சார். போயி எட்டிப் பாத்துக் கூப்புடுங்க, ஊசின்னு மட்டும் சொல்லிராதீக!"

வீரணன் வெட்கச் சிரிப்போடு தாமே வந்து சட்டையைச் சுருட்டினார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டார். "பெத்த பிள்ளை மூணும் அழுகல, இவரு அழுதுருவாரு போல" என்றார் பேச்சியம்மாள். அந்த ஊசியால் வீரணனுக்கு எந்தக் குறையும் நேரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பருத்திக் காட்டிலிருந்து பெண்கள் திரும்ப மாலை ஐந்து மணியாயிற்று. ஐந்தரைக்குத் திருமங்கலம் பேருந்து. அதை விட்டால் எட்டு மணிக்குத்தான் அடுத்தது. குப்பி ஒன்றரை மணி நேரமாக மேசையில் அசையாமல் இருந்தது. ஒன்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். பேச்சியம்மாள் ஒவ்வொருத்தியாக முன்னே தள்ளிவிட்டார். "போடி, நீயி போட்டாத்தேன் அவ போடுவா." அவர் கடைசியில் நின்றார். நான் ஊசிகளைக் கொதிநீரிலிருந்து எடுத்து மாற்றினேன், பஞ்சால் துடைத்தேன், போட்டேன். குப்பியை ஒருமுறையும் குலுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது பெண்ணுக்குப் போடும்போது நினைவு வந்தது. சாலையில் பேருந்தின் ஒலி கேட்டதாகத் தோன்றியதால் அப்படியே தொடர்ந்தேன்.

கடைசி ஊசி பேச்சியம்மாளுக்கு. முடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாலைக்கு ஓடினேன். பேருந்து வரச் சற்று நேரம் இருந்தது. அருகில் அடிகுழாய் ஒன்று. அந்தக் கடைசிக் குப்பியை எடுத்து, அதன் அடியைப் பாராமலே, கழுவி மற்றவற்றோடு சேர்த்தேன். மறுநாள் மாசிலாமணி எல்லாக் குப்பிகளையும் வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லது தம்பி" என்றார்.

அடுத்த ஆண்டு பங்குனியில் அவரும் என்னோடு வந்தார். மரத்தடியில் மேசை போட்டு ஒரு மணி நேரமாகியும் அந்தத் தெருவிலிருந்து எவரும் வரவில்லை. பிறகு பேச்சியம்மாள் வந்தார். சற்றுப் பின்னால் வீரணன்; அவருக்கும் பின்னால் பெண்கள்.

"வேணாம் சார். எங்க தெருவுல யாருக்கும் வேணாம்."

மாசிலாமணி ஏட்டைத் திறந்தார். "என்ன காரணம்னு சொல்லுங்கம்மா. நீங்க சொல்றபடியே எழுதுறேன்."

"எழுதுங்க. போன வருசம் போட்டுட்டு மூணு நாளு எந்திரிக்கல. காச்சல்னா காச்சல், அம்புட்டுக் காச்சல். கை இந்தா, இம்புட்டு வீங்கிருச்சு. நாலு நாளு எறங்கவே இல்ல. பருத்திக் காட்டுல நான் எடுக்க வேண்டிய நெறையெல்லாம் அடுத்தவ எடுத்தா. தலைவாரி விடக்கூட கை ஏறல சார்."

மாசிலாமணி எழுதி முடித்தார். எழுதியதைப் படித்துக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் இவங்களுக்கு யார் போட்டது?"

"நான்தான் சார்."

"பாட்டிலைக் குலுக்கித்தானே போட்டீங்க?"

பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குலுக்கித்தான் சார் போட்டேன்."

மாசிலாமணி என்னை நம்பினார். நம்பியதனால் அவர் சொல்லக்கூடிய காரணம் ஒன்றே எஞ்சியிருந்தது. "அப்படின்னா மருந்துல குறையில்லம்மா. சில பேரு உடம்புவாகு அப்படி. தாங்காது. உங்களுக்கு வேணாம், சரி. மத்தவங்க போட்டுக்கிடலாமே?"

"எனக்கே ஆகலையின்னா இவருக்கு மட்டும் எப்படி ஆகும்? ஒரே ஒலையில வெந்ததத் திங்கிற ஒடம்புதேன் எல்லாம்."

"போன வருஷம் இவர் போட்டாரே, ஒண்ணும் ஆகலையே?"

வீரணன் அப்போதுதான் வாய் திறந்தார். "அவ வேணாம்னா வேணாம் சார். காட்டுல அவதான கஷ்டப்பட்டா."

என் பிழையென்று நான் ஒப்புக்கொண்டிருந்தால், அடுத்த குப்பியைக் குலுக்கிக் காட்டி அது தீர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். நான் மறுத்ததால் குறை அவர் உடம்பின் குறையாயிற்று. அங்கிருந்து வீட்டுக்கும் தெருவுக்கும் பரவிற்று. மறுப்பேட்டில் அன்று நாற்பத்தொரு பெயர்கள் ஏறின. முதற்பெயர் பேச்சியம்மாள், இரண்டாவது வீரணன். இரண்டையும் எழுதும்போது நான் அருகில் நின்று மைப்புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் வாந்திபேதி வந்தது. திருவிழாவிலிருந்து வந்ததா, ஊருணியிலேயே இருந்ததா என்பதை ஆய்வகம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, நானும் மாசிலாமணியும் ஊருணிக் கரையில் கிருமியைக் கொல்லும் வெளுப்புத்தூளைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, ஆள் ஒருவர் ஓடிவந்து வீரணனுக்கு விடியலிலிருந்து போகிறது என்றார். வண்டி ஏற்கெனவே பூட்டியிருந்தார்கள். வைக்கோல் மேல் அவர் கிடந்தார். கண்கள் குழிக்குள் போய்விட்டன. விரல்கள் நெடுநேரம் நீரில் ஊறியவைபோல் சுருங்கியிருந்தன. அந்த உயரமான உடம்பு ஒரே காலையில் சுருண்டுவிட்டது. பேச்சியம்மாள் அவர் கால்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தபோதெல்லாம் வீரணன் குரலின்றி வாயைத் திறந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்கு மைல். நானும் வண்டியோடு சென்றேன். மருத்துவர் இரண்டு கைகளிலும் நரம்பைத் தேடினார், கிடைக்கவில்லை. கணுக்காலில் தோலைக் கீறி நரம்பை எடுத்து உப்புநீர் ஏற்றினார். புட்டியை உயர்த்திப் பிடித்து நின்றவன் நான். முதற்புட்டி இறங்கியதும் வீரணன் கண் திறந்து, "தண்ணி" என்றார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். "கேக்குறாரு சார், குடுக்கலாமா?" மருத்துவர் தலையசைத்ததும் ஒரு துணியை நனைத்து உதட்டில் பிழிந்தார். இரண்டாம் புட்டி பாதி இறங்குவதற்குள் நாடி நின்றது. பகல் பதினொன்றே கால்.

விதிப்படி உடலின் மேல் வெளுப்புத்தூள் தூவி, ஊர் எல்லையில் ஐந்து பேரை மட்டும் வைத்து அடக்கினோம். பறை இல்லை, நீர்மாலை இல்லை. தம்மை விடவில்லையே என்று பேச்சியம்மாள் சாலையில் உட்கார்ந்து மண்ணை அள்ளி எங்கள் மேல் எறிந்தார். மாசிலாமணி குடையை மடக்கிவைத்துவிட்டு நின்றார். மண் விழ விழ அசையவில்லை.

இறப்பு அறிக்கையில் ஒரு வினா உண்டு: தடுப்பூசி போட்டவரா? காரணம்? அதை நிரப்ப மாசிலாமணி மறுப்பேட்டைத் திறந்தபோது, குலுக்கவில்லை என்பதையும் குப்பியைக் கழுவியதையும் அவரிடம் சொன்னேன். அவர் என்னை வையவில்லை. ஏட்டை என் முன் தள்ளினார்.

"எழுதுங்க."

"குலுக்காததனால் காய்ச்சல் வந்தது" என்று எழுதத் தொடங்கினேன். அவர் என் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"குலுக்கல. அது தெரியும். அதனாலதான் காய்ச்சல்ங்கிறது தெரியாது. குலுக்கிப் போட்டவங்களுக்கும் அப்படிக் காய்ச்சல் வந்திருக்கு. உங்க மனசு ஆத்தாம சொல்லுதுங்கிறதுக்காகத் தெரியாததைத் தெரியும்னு எழுதக் கூடாது. பொய் சொன்னீங்கல்ல, அதை எழுதுங்க. அது உறுதி."

எழுதிக் கையொப்பமிட்டேன். அதன்பேரில் எனக்கு வந்த தண்டனைக் குறிப்பாணை இன்றும் என்னிடம் இருக்கிறது. ஏட்டை மூடியபின் அவர் சொன்னார்: "அந்த அம்மாகிட்ட நான் போய்ச் சொல்லலாம். ஆனா நீங்கதான் சொல்லணும்."

பதினாறாம் நாள் கழிந்தபின் சென்றேன். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் அடுப்பெரிக்கப் பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

"அப்ப மருந்து நல்ல மருந்துதேன். ஒங்க கைதேன் சரியில்லையா?"

"ஆமாம்மா."

"என் ஒடம்பு ஆகாத ஒடம்புன்னு அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி பெரிய சாரு சொன்னாரே. கேட்டுக்கிட்டுத்தான நின்னீக?"

"ஆமா."

"இத எதுக்கு இப்ப வந்து சொல்றீக? ஒங்க பாரத்த எறக்கி வைக்கவா? இங்க எறக்குறதுக்கு எடமில்ல சார். போயிட்டு வாங்க."

மறு பங்குனியில் அந்த மரத்தடிக்கு முதல் ஆளாக வந்தவர் அவர்தான். தெரு முழுவதும் பின்னால் நின்றது. ரவிக்கைக் கையை ஏற்றாமல் என் மேசைக்கு நேரே நின்றார்.

"குலுக்குங்க."

குலுக்கினேன்.

"தூக்கிப் பிடிங்க. எல்லாரும் பாக்கட்டும்." வெயிலுக்கு நேரே பிடித்தேன். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "கலங்கி இருக்கா? ம். இனிமே போடலாம்" என்றார். ஒவ்வொருவருக்கும் அவ்வாறே செய்யவைத்தார். "சார், என் பாட்டில நல்லாக் குலுக்குங்க, எனக்குப் பொண்டாட்டி கெடையாது, காச்சல் வந்தா பாக்க ஆளில்ல" என்று ஓர் இளைஞன் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. அன்று முதல் அவ்வூரில் அது வழக்கமாயிற்று. கைக்குழந்தைக்கு முத்தடுப்பூசி போட வந்தாலும் "குலுக்கிக் காட்டுங்க" என்பார்கள். வேறு ஊர்களில் இதை நான் கண்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பேச்சியம்மாள் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டார். ஒவ்வோர் ஆண்டும் சிறிது காய்ச்சல் வந்ததாகச் சொன்னார். அதற்காக ஒருநாளும் நிறுத்தவில்லை.

எண்பதுகளில் காலரா ஊசியை அரசு கைவிட்டது. நோய் பரவுவதை அது தடுக்கவில்லை, காப்பும் குறைவு, அவ்வுழைப்பைத் தண்ணீரைத் தூய்மை செய்வதில் செலவிடலாம் என்பது முடிவு. அம்முடிவு சரியானது; அதற்கான சான்றுகளைப் பயிற்சி வகுப்பில் நானே படித்தேன். மாசிலாமணி அதற்குள் ஓய்வுபெற்று மறைந்துவிட்டார். அவருடைய இடத்தில் அப்போது நான் இருந்தேன்.

அந்த ஆண்டுப் பங்குனியில் ஊருணிக்கு வெளுப்புத்தூள் போடச் சென்றபோது பேச்சியம்மாள் குடத்தோடு நின்றார். தலை நரைத்திருந்தது.

"இந்த வருசம் ஊசிக்காரக வரலையா சார்?"

"இனிமே வர மாட்டாங்கம்மா. அந்த ஊசி அவ்வளவாப் பிடிக்கலைன்னு நிப்பாட்டிட்டாங்க."

"பிடிக்கலையின்னா?"

எந்த ஊரிலும் சொல்லாததை அவரிடம் அன்று சொன்னேன். போட்டவர்களில் பாதிப் பேரைத்தான் அது காத்தது, அதுவும் சில மாதங்களுக்கு. அவர் குடத்தைத் தரையில் வைத்தார்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல்லயிருந்தே தெரியும்."

"அப்ப அவரு போட்டிருந்தா? அந்தப் பாதியா, இந்தப் பாதியா?"

நான் வெளுப்புத்தூள் வாளியைக் கீழே வைத்தேன்.

"இத்தன வருசமா நானு ஒரே கணக்குல இருந்தேன் சார். நான் வேணாம்னு சொன்னதுனாலதேன் அந்த மனுசன் போயிட்டாருன்னு. இப்ப வந்து பாதிங்கிறீக. அதையாச்சும் முழுசாச் சொல்லுங்க. பொழச்சிருப்பாரா, மாட்டாரா?"

"தெரியாதும்மா."

அவர் தண்ணீரைப் பார்த்தார். வெளுப்புத்தூள் அப்போதும் முழுதும் கரையவில்லை. "இத எப்பக் குடிக்கலாம்?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து என்றேன். அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தார். நான் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தெரிந்தவற்றை எழுதிவிட்டேன், தெரியாதவை மூன்று. பேச்சியம்மாளுக்கு வந்த கடுங்காய்ச்சல் குலுக்காத மருந்தால் வந்ததா என்பது தெரியாது. வீரணன் அவ்வாண்டு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது தெரியாது. மரத்தடியில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பேச்சியம்மாள் கையை நீட்டியிருப்பாரா என்பதும் தெரியாது. முதல் இரண்டை எவராலும் அறிந்திருக்க முடியாது. மூன்றாவதை அவரிடம் கேட்டு அறிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.